கனமூலைக் கலியாணத்தில் தானாக அடித்த லைட்

கற்பிட்டியில் பெண்களுக்கென்று புதிதாக ஒரு ஸ்டூடியோ திறந்திருக்கும் ரிஸ்னா, போன கிழமை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அன்டி, கமரா வாங்கிட்டேன். கையில மிச்சம் கொஞ்சந்தான் ஈக்கி. குறைஞ்ச விலையில நல்ல ஸ்டூடியோ லைட் எது? லிங்க் இருந்தா அனுப்புங்க."

லிங்க் வேண்டுமாம்! நாங்கள் லைட் வாங்கப் போனால் விடியவே கொழும்பு பஸ் ஏறி, கடை கடையாக அலைந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் அதன்மேல் தூங்கி விழாமல் காவல் காத்துக்கொண்டு வீடு வந்து சேருவோம். இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று ஒரு வரி எழுதினேன்: "ரிமோட்டில சனல் மாத்தக்கூடிய லைட்டாப் பாத்து வாங்கு." உடனே பதில் வந்தது: "ஏன் அன்டி?"

அந்த ஒரு சொல்லுக்கு விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுத என்னால் முடியாது. அதனால் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. ஆலங்குடாவில் பிறந்து ஆலங்குடாவிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள்; பஸ் ஏறி வேலைக்குப் போனது நான் ஒருத்திதான். புத்தளம் நகரில் நசீர் ஹாஜியாரின் ஸ்டூடியோவில் பில் எழுதத்தான் சேர்ந்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மணமகள் முக்காடில்லாமல் அலங்காரத்தோடு இருக்கும் அறைக்குள் ஓர் ஆண் கால் வைக்க முடியாது. படம் எடுப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். ஸ்டூடியோவில் பெண்ணென்று இருந்தது நான் மட்டும் என்பதால், ஹாஜியார் ஒரு நாள் என் கையிலிருந்த பில் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கமராவைத் தந்தார். பயிற்சி என்று பார்த்தால், நாலைந்து பிலிம் ரோலை வீணாக்கியது, ஒரு மணமகளைக் காலிலிருந்து கழுத்துவரைக்கும் மட்டும் அழகாக எடுத்தது, அதற்கு ஏச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்துப் படங்களை ஹாஜியார்கூடப் பார்க்கமாட்டார். கழுவுவது, பிரிண்ட் போடுவது, அல்பத்தில் ஒட்டுவது எல்லாம் திரைக்குப் பின்னால் நானே. எத்தனை படம் எடுத்தாய், எத்தனை சரியாக விழுந்தது என்ற எண்ணிக்கை மட்டும் அவருக்கு வேண்டும். இந்தப் பழக்கத்தால்தான் மதுரங்குளியிலிருந்து கற்பிட்டிவரைக்கும் உம்மாமார் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். "பிலோமினா மிஸ் எண்டால் பயமில்ல" என்று அவர்கள் சொல்வதுதான் என் தொழிலின் முழு முதலும்.

இனி ஹாஜியாரைப் பற்றி. எங்கள் ஸ்டூடியோவில் லைட்டைத் தெரிவு செய்வது என்றால் ஹாஜியாரைச் சமாளிப்பது என்றுதான் அர்த்தம். மெலிந்த, நெடிய மனிதர். பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுதானால் இவரைக் கூப்பிட்டால் போதும் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள், குரல் அப்படி. படம் எடுக்க வந்தவரைக் கையால் தொடமாட்டார். பேனாவின் மூடியைத் தூரத்தில் பிடித்து நாடியைக் காட்டுவார். "கீழ. இன்னும் கீழ. கொஞ்சம் மேல. ஆ, இப்பத்தான் நீங்க மனிசன்." இதை அவர் வங்கி முகாமையாளரிடமும் சொல்லியிருக்கிறார், பொலிஸ் பெரியவரிடமும் சொல்லியிருக்கிறார். எல்லாம் சரியானதும் "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்" என்று முழுதாக, சத்தமாக ஓதிவிட்டுத்தான் பொத்தானை அமத்துவார். ஒரு நாளும் பாதியில் விட்டது கிடையாது. குழந்தை சிரித்து முடித்து அழத் தொடங்கினாலும் அவர் ஓதி முடித்துத்தான் எடுப்பார்.

ஸ்டூடியோவுக்கு முன்னர் அவர் செய்தது தேங்காய் வியாபாரம். அந்தப் புத்தி விட்டுப் போகவில்லை. எந்தச் சாமான் வாங்கினாலும் காதருகே கொண்டுபோய் விரலால் தட்டிப் பார்ப்பார். கமராவையும் தட்டுவார், அல்பத்தையும் தட்டுவார். ஒருமுறை நானே பார்க்க ஒரு கணினியைத் தட்டி, "உள்ளுக்கு ஒண்டுமில்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தவை பெரிய சூட்டு பல்புகள். அவற்றின் முன்னால் மணமகளை வைத்தால் கொஞ்ச நேரத்தில் பவுடர் உருகி, அவளுக்கு ஒரு முகம், பவுடருக்கு ஒரு முகம் என்று ஆகிவிடும். பிறகு பிலிம் காலத்துப் பிளாஷ் லைட் ஒரு சோடி வந்தது. அதைக் கமராவோடு வயரால் தொடுத்து எடுப்போம். டிஜிட்டல் கமரா வந்த கையோடு ஹாஜியார் அதே பழைய பிளாஷை அதே வயரால் புதுக் கமராவில் குத்தினார். சில நாட்கள் நன்றாகத்தான் போனது. பிறகு, ஓர் அடையாள அட்டைப் படத்தின் நடுவில், கமரா மூச்சை விட்டுவிட்டது. பழைய பிளாஷிலிருந்து கூடுதலான கரண்ட் வயர் வழியாக ஏறி உள்ளே எரித்துவிட்டது என்று கொழும்பில் திருத்துபவர் சொன்னார். பிளாஷ்தான் பிழை என்று அவர் விளக்கியும், ஹாஜியார் கேட்டுக்கொண்டது "வயர்" என்ற ஒரு சொல்லைத்தான். வந்த அன்றே ஸ்டூடியோவிலிருந்த வயர்களையெல்லாம் சுருட்டிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டார். "இனி இந்தக் கடைக்குள்ள வயர் வரக்கூடாது பிலோமினா. எல்லாம் காத்துலதான் போகோணும்."

அதாவது, கமராவின் தலையில் ஒரு சின்ன ரிமோட்டைச் செருக, லைட்டில் அதன் சோடியைச் செருக, பொத்தானை அமத்தினால் லைட் தானாக அடிக்கும் வகை. அதை வாங்கத்தான் இருவரும் கொழும்புக்குப் போனோம்.

கடைக்காரர் மேசையில் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று பெயர் பெற்றது. விலையும் அதற்கு ஏற்றது. மற்றது யாரும் கேள்விப்படாத பெயர். முதலாவதின் விலைக்கு இதில் இரண்டு சோடி வாங்கலாம். ஹாஜியார் இரண்டையும் காதில் வைத்துத் தட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

லைட் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம், ஒருமுறை அடித்த பிறகு அடுத்த அடிக்குத் தயாராக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. தயாரானால் பின்பக்கத்தில் சின்னதாகப் பச்சை வெளிச்சம் வரும். ஹாஜியார் இதை மணிக்கூட்டால் அளக்கவில்லை. விலை கூடிய லைட்டை அடிக்கச் செய்து பிஸ்மியை ஓதினார். பாதி வருவதற்குள்ளேயே பச்சை வந்துவிட்டது. மலிவானதை அடிக்கச் செய்தார், ஓதி முடித்தார், பச்சை இல்லை. நபியவர்கள்மேல் ஒரு சலவாத்தும் சொன்னார். அப்போதுதான் வந்தது. நான் மனதுக்குள் என் முறைப்படி, மாதா செபத்தால் அளந்தேன்: ஒரு முழு "அருள் நிறைந்த மரியே", ஆமென் உட்பட.

"ஹாஜியார், இது சரியான மெதுவு. நல்லதா ஒரு சோடி எடுப்பம்" என்றேன்.

"ஒரு சோடி எடுத்தா ஆம்புளைப் பக்கம் வெளிச்சம், பொம்புளைப் பக்கம் இருட்டா? மெதுவெண்டா என்ன? அல்லாஹ்வ நினைக்க இன்னுங் கொஞ்ச நேரம் கிடைக்கிது. நல்லந்தானே."

இதற்கு ஒரு கத்தோலிக்கப் பெண் என்ன பதில் சொல்ல முடியும்? மலிவானதிலேயே, ஒரே வகையில் இரண்டு பெட்டி வாங்கினோம். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு லைட், இரண்டு குடை, ஒரு ரிமோட்.

என் பெட்டியை ஸ்டூடியோவில் பிரித்து ஒரு மாதம்போலப் பாவித்தேன். குறை சொல்ல முடியாது. ரிஸ்னாவுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்: மலிவான லைட் மோசமான லைட் அல்ல. சின்ன அறைக்குப் பெரிய சக்தி தேவையில்லை. வெள்ளைக் குடை ஒன்று இருந்தால் எந்த முகமும் மென்மையாக விழும். ஆணிகளுக்கு மட்டும் அடிக்கடி எண்ணெய் போட வேண்டும், எங்கள் பக்கத்து உப்புக்காற்று இரும்பை விட்டு வைக்காது. குடை பிடித்த லைட்டைக் கடற்கரைக்குக் கொண்டு போகவே கூடாது. ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு சறுக்கும் பருவத்தில் ஒரு கலியாணச் சோடியை மணலில் வைத்து எடுக்கப்போய், எங்கள் குடை லைட்டோடு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை கோட்டோடு அதைத் துரத்தி ஓடியதுதான் அன்றைக்கு எடுத்ததில் நல்ல படம்.

ஹாஜியாரோ தன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. புதுச் சாமானைக் கடைக்குள் பிரித்தால் பரக்கத் இல்லை, அருள் தங்காது, ஒரு நல்ல விசேஷத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் வழக்கம். அவர் பள்ளிக்குப் போடும் செருப்பையே பெருநாள் வரைக்கும் பெட்டியில் வைத்திருப்பவர். ஆகவே இரண்டு பெட்டிகளும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்த நல்ல விசேஷம் கனமூலையில் வந்தது. தோட்டம் செய்யும் ஒரு குடும்பத்தின் மூத்த மகள் சிபானாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை புத்தளம் டவுன். வீட்டின் முன்னால் ஆண்களின் பந்தல், அங்கே ஹாஜியார். வீட்டின் பின்னறையில் மணமகள்; அங்கே நான். நடுவில் ஒரு கூடமும் இரண்டு சுவர்களும்.

மணமகளின் அறை வாசலில் ஹாஜறா மாமி நின்றார். மணமகளின் வாப்பாவுடைய அக்கா. அந்த வீட்டில் எல்லோரும் வாப்பாவுக்குப் பயம், வாப்பா இவருக்குப் பயம். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தங்கள் போனை அதில் போட வேண்டும். மணமகளின் உம்மாவும் போட்டார், என் போனும் போனது. ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பு கட்டி, அதன்மேல் இன்னொரு விரிப்பும் கட்டியிருந்தது. "மிஸ்ஸிட கமரா மட்டுந்தான் உள்ளுக்கு" என்று சொல்லி, கதவைத் தன் முதுகாலேயே மூடினார்.

நான் லைட் இரண்டையும் நிறுத்தி, குடையை விரித்து, ரிமோட்டைச் செருகினேன். சிபானா கட்டிலில் இருந்தாள். சின்னம்மா முறையான இரண்டு சாச்சிமார் அவளுடைய கூந்தலை விரித்து ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். கமரா என் கழுத்தில் தொங்கியது.

பளிச்சென்று லைட் அடித்தது.

ஒரு மாதம் ஒழுங்காக அடித்த லைட்டுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். பிளக் இளகியிருக்கலாம் என்று குனிந்து அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் பளிச். சிபானா கையால் தலையை மூடிக்கொண்டாள்.

ஹாஜறா மாமி மெதுவாக என் பக்கம் வந்தார். "மிஸ், நீங்க கீழ குந்திக்கிட்டு ஈக்கிறீங்க. கமரா உங்கட கழுத்தில தூங்குது. அப்ப இது ஆரு எடுத்த படம்?"

"படம் ஒண்டும் எடுபடயில்ல மாமி. லைட் மட்டுந்தான் அடிச்சது" என்றேன்.

"படம் எடுக்காம லைட் என்னத்துக்கு அடிக்கிற?"

வெளிச்சம் அடித்தால் படம் விழுந்தது என்பதுதான் எல்லோரும் அறிந்த நடைமுறை. மூன்றாம் முறையும் அடித்தது. அறை கலைந்துவிட்டது. கட்டிலுக்கடியில் தேடினார்கள், சூட்கேஸ் இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் தேடினார்கள். சுருட்டிய பாயும் அதற்குள் ஒரு பூனையும் இருந்தன. "ஜின்னாக்கும்" என்று ஒரு சாச்சி மெல்லச் சொன்னார். "ஜின் என்னத்துக்குடி பிளக் குத்தப்போகுது?" என்று மாமி அவர் வாயை அடைத்தார்.

அப்போதுதான் மணமகளுக்கு மச்சி முறையான ஒருத்தி அந்தப் பொல்லாத கதையைச் சொன்னாள். "கமரா லைட்டுக்குள்ள ஈக்கி மாமி. அந்தக் கண்ணாடியப் பாருங்க. டவுன்ல நகைக் கடைகள்ல எல்லாம் இப்பிடித்தான். அங்கால ஆம்புளைகள் டீவில பாத்துக்கிட்டு ஈப்பாங்க."

கதை அறையிலிருந்து அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தது. போகும்போது சின்ன டீவியாக இருந்தது. வரும்போது பெரிய டீவியாகி, அதன் முன்னால் மாப்பிள்ளையும் அவர் தோழர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சிபானா அழத் தொடங்கினாள். கண்மை கன்னத்தில் இறங்கியது. அவளுடைய உம்மா, "நிக்காஹ நிப்பாட்டச் சொல்லுங்க. இப்பிடிப்பட்ட குடும்பத்துக்கு என்ட புள்ளயக் குடுக்க ஏலாது" என்று சத்தமிட்டார். ஆட்களை அனுப்ப ஆயத்தமானார்கள்.

ஹாஜறா மாமி என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ், உங்கள நம்பித்தானே கதவத் தொறந்த."

நிக்காஹ் நின்றால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை என்னாகும் என்று ஒரு பக்கம் பயம். பிலோமினா மிஸ்ஸின் லைட்டுக்குள் ஆண்களின் கண் இருந்தது என்று ஊர் முழுக்கப் போனால், இனி ஒரு வீட்டிலும் எனக்குக் கதவு திறக்காது என்று இன்னொரு பக்கம் பயம். மாதாவே, என்னைக் கைவிடாதேயும் என்று உண்மையாகவே மன்றாடினேன்.

மாமி காத்திருக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு லைட்டிலிருந்த குடையைக் கழற்றினார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முகத்தை லைட்டுக்கு நேரே கொண்டுபோனார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அமைதியில், தூரத்திலிருந்து, இரண்டு சுவர்களையும் தாண்டி ஒரு குரல் கேட்டது. "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்."

பளிச்.

"யா அல்லாஹ்! என்ட கண்ணு!" என்று மாமி கட்டிலில் இருந்துவிட்டார்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, எனக்குப் பொறி தட்டியது. "ஒருத்தரும் கதைக்காதீங்க. கொஞ்சம் காது குடுங்க" என்று கெஞ்சினேன். அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்தினார்கள். முன்பந்தலில் ஹாஜியார், "நாடி கீழ, மாப்புள. இன்னும் கீழ. ஆ, இப்பத்தான் நீங்க மனிசன்" என்றார். சற்றுப் பொறுத்து, பிஸ்மி ஓதினார். ஓதி முடித்ததும் எங்கள் லைட் அடித்தது.

இன்னொரு முறை காத்திருந்தோம். ஓதினார், அடித்தது.

"அவர் அங்க அமத்த இது இங்க அடிக்கிது மாமி. ரெண்டு பெட்டியும் ஒரே வகை. ரெண்டு ரிமோட்டும் ஒரே பாஷ பேசுது. இதுக்குள்ள கமராவும் இல்ல, கண்ணும் இல்ல" என்றேன்.

மாமி மற்றக் கண்ணால் லைட்டை மறுபடி பார்த்தார். "உள்ளுக்கு வளையம் மாதிரி ஒரு பல்ப்தான் ஈக்கி" என்று எல்லோருக்கும் அறிவித்தார். ஆனாலும் விசாரணையை முடிக்கவில்லை. வாளியிலிருந்து தன் போனை எடுத்து ஹாஜியாருக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹாஜியார், ஹாஜறா பேசுற. அங்க நீங்க லைட் அடிச்சா இங்க எங்கட லைட்டும் அடிக்கிது."

"அது எப்பிடி அடிக்கிற? நடுவில ரெண்டு செவரு ஈக்கிதே."

"செவரு ஈக்கி. அது ஒண்டையும் தடுக்கல்ல."

"நடக்காத காரியம். புதுச் சாமான். இண்டைக்குத்தான் பெட்டி ஒடச்ச."

மாமி என்னைப் பார்த்தார். என் கமராவின் தலையிலிருந்த ரிமோட்டைச் சுட்டி, "இதையா அமத்துற?" என்று கேட்டார். லைட்டைச் சோதித்துப் பார்க்க அதில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. "ஓம் மாமி" என்றேன். அமத்தினார்.

எங்கள் லைட் அடித்தது. அதே நேரம் போனுக்குள் ஒரு கூச்சல். யாரோ, "மௌலவிட கண்ணுக்கு நேர அடிச்சிட்டீங்களே ஹாஜியார்!" என்றார். ஹாஜியாரின் குரல் பதறியது. "நான் அடிக்கல்ல! சத்தியமா நான் தொடவே இல்ல! கமரா கதிரைல ஈக்கி, வந்து பாருங்க!"

கொஞ்சம் முன்னர் நான் சொன்னதை அப்படியே அவர் இப்போது சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்புறீங்களா?" என்று மாமி போனுக்குள் கேட்டார்.

முதலில் சிரித்தது சிபானாதான். கண்மை வழிந்த முகத்தோடு, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறைய. பிறகு சாச்சிமார். பிறகு உம்மா, அழுகையை நிறுத்தாமலே. அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்ற பெண்கள் அகப்பையோடு சிரித்தார்கள். மாமி போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலுங்கினார். ஆளுக்கு ஆள் தோளில் விழுந்தார்கள். இத்தனை காலம் எத்தனையோ அறைகளுக்குள் போயிருக்கிறேன். கமராவுக்கு முன்னால் அப்படி ஒரு சிரிப்பைக் கண்டதில்லை.

கமராவைத் தூக்கிவிட்டேன். ஆனால் லைட் இப்போதுதான் அடித்திருந்தது. பச்சை வரவில்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினேன். சிரிப்பு நின்றுவிடுமோ என்று பயம். அந்த நேரத்தில் ஹாஜியாரைத்தான் கடவுள் அனுப்பினார். "இது கடைக்காரண்ட வேல! நான் தட்டிப் பாத்துத்தான் எடுத்த!" என்று அவர் போனுக்குள் முழங்க, சிரிப்பு இன்னொரு சுற்று எழும்பியது. ஆமென் சொல்லும்போது பச்சை வந்தது. அமத்தினேன்.

அங்கே மௌலவிக்கு மறுபடியும் அடித்திருக்க வேண்டும். போனில் ஹாஜியார் வைத்த ஓலத்தை நான் இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாமி போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரைப்போல இரண்டு பக்கத்தையும் நடத்தினார். "இப்ப எங்கட முறை ஹாஜியார். பொறுங்க. இப்ப நீங்க எடுங்க." அவர் பக்கம் ஒவ்வொருமுறை எடுக்கும்போதும் எங்கள் அறையும் பளிச்சென்றது, "இந்தா, மாப்பிள்ளட வாப்பா" என்று பெண்கள் ஊகித்துச் சிரித்தார்கள். சிபானாவின் கண்மையைத் திருத்தினோம். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. நிக்காஹ் முடிந்து ஹாஜியாரைப் பார்த்த மௌலவி, "இண்டைக்கு எனக்கும் மாப்பிள்ள மாதிரி நிறையப் படம்" என்றாராம்.

போகிற நேரத்தில் மாமி கமராவின் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தார். நானும் பக்கத்திலிருந்து அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் விழுந்திருந்தார்கள். ஒரு கண் மூடவில்லை, ஒரு முகம் மறையவில்லை. முக்காடும் இல்லை.

"மிஸ், இது அல்பத்துக்குப் போகாது" என்றார். அல்பம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், அங்கே யார் யார் கைக்கோ போகும்.

"ஓம் மாமி. விளங்குது."

அடுத்த நாள் அவர் ஸ்டூடியோவுக்குத் தனியாக வந்தார். திரைக்குப் பின்னால் நாங்கள் இருவரும்தான். ஒரே ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மை காயும்வரை கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு ஓர் உறையிலிட்டுக் கைப்பையின் அடியில் வைத்தார். கமராவை என் பக்கம் தள்ளினார். "வடிவாப் பாத்துக்கங்க மிஸ்" என்றார்.

பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஆகச் சிறந்த படம் அது என்று அப்போதே எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"பாத்தீங்களா?"

"ஓம்."

"அப்ப அழிங்க."

அழித்தேன். அவர் என் கையைப் பிடித்து, "அடுத்த மாசம் என்ட மகளுக்கு. நீங்கதான் வரோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் ஹாஜியார் வழக்கம்போல எண்ணிக்கை பார்த்தார். படங்களின் இலக்க வரிசையில் ஓர் இலக்கம் இல்லை. "பிலோமினா, இது எங்க?"

"விழயில்ல ஹாஜியார். லைட் தயாராக முந்தி அமத்திட்டேன். கறுப்பா வந்தது, அழிச்சிட்டேன்."

"என்ன படம்?"

"எல்லாரும் சிரிச்ச படம்."

"எல்லாருமா? ஒருத்தர் மிச்சமில்லாம?" அவர் தொப்பியைக் கழற்றினார். "அதுவா விழாமப் போன?"

"அதுதான் ஹாஜியார்."

அந்தப் படத்தை அவர் ஒரு நாளும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அப்படி ஒரு சிரிப்பு தன்னுடைய சிக்கனத்தால் இருட்டில் போய்விட்டதென்பதை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனார். பெயர் பெற்ற லைட்டில் இரண்டு சோடி கேட்டார், ஒரு சோடியின் அடிக்கு மற்றது அடிக்காதபடி சனல் மாற்றக்கூடிய ரிமோட்டோடு. காதில் வைக்கவில்லை, தட்டவில்லை, விலையும் பேசவில்லை.

கடைக்காரருக்கே ஆச்சரியம். "என்ன ஹாஜியார், இந்தமுறை தட்டிப் பாக்கல்ல?"

"ஒரு நல்ல படம் போயிட்டு, மகன்" என்றார் ஹாஜியார்.

நானும் பக்கத்தில் நின்று, போன ஒரு படத்துக்காகத் துக்கப்படுகிறவளைப்போலத் தலையை ஆட்டினேன். கண்ணை மூடினால் அகப்பையோடு நின்றவர்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தார்கள்.